சித்தூரிலிருந்து சித்தூருக்கு: நாயையும் பூனையையும் எதில் கொண்டு போவது?

எங்கள் வீட்டுச் சாமான்களை ஏற்ற வந்த லாரிக்காரர் பில் புத்தகத்தில் ‘சித்தூர் – சித்தூர்’ என்று எழுதிவிட்டு, சரியாகத்தான் எழுதியிருக்கிறோமா என்று இரண்டு முறை கேட்டார். சரிதான். புறப்பட்டது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை. போய்ச் சேர வேண்டியது ஆந்திரத்துச் சித்தூர். இரண்டு இடத்திலும் தமிழ் பேசியே பால் வாங்கலாம், சண்டையும் போடலாம். நடுவில் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம், மூன்று மாநிலம்.

என் வீட்டுக்காரர் மாங்காயைத் துரத்திக்கொண்டு போகிற வேலையில் இருப்பவர். எங்கள் தாலுகாவிலேயே இருக்கும் முதலமடையில் ஜனவரியிலேயே காய் வரத் தொடங்கிவிடும், நாட்டில் வேறெங்கும் வருவதற்கு முன்னால். அங்கே முடிகிற நேரத்தில் ஆந்திரச் சித்தூரில் கிளிமூக்கு மாங்காய்க்குக் கூழ் ஆலைகள் தயாராகும். ஆண்டுக்கு ஐந்து மாதம் தனியாகப் போய்த் தங்கிக்கொண்டிருந்தவர், இந்தத் தடவை குடும்பத்தோடு போய்விடலாம் என்றார். நாள் குறித்தது மே மாதம். அங்கேதான் சிக்கல். பதினோரு வயது, இருபத்து நான்கு கிலோ எடையுள்ள நாட்டு நாய் மணியையும், மூன்று வயதுப் பூனை சுந்தரியையும் மே வெயிலில் சித்தூர் கொண்டு போக வேண்டும். கோழிகளைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நான் முதலில் செய்த தப்பு, ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தது. பத்து நாள் விசாரித்த பிறகுதான் எதைப் பார்க்க வேண்டும் என்பது புரிந்தது. வழியில் நாய் எத்தனை கை மாறும்? தாகம் எடுத்தால் தண்ணீர் வைக்கிற ஆள் யார்? நண்பகல் வெயிலில் வண்டி எங்கே இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வழிகள் தானாகவே அடிபட்டுப் போகின்றன.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978இல் வந்த விலங்குப் போக்குவரத்து விதிகளில் நாய்க்கும் பூனைக்கும் தனிப் பகுதியே இருக்கிறது. கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்று வேண்டும். கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தர வேண்டும். ரயிலில் ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் கூடவே ஓர் ஆள் போக வேண்டும். நிறைமாதமாக இருப்பதை ஏற்றவே கூடாது.

லாரியை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். “கேபின்லயே உக்கார வெச்சுக்கறோம்க்கா, ஒண்ணும் ஆகாது” என்றார் சாமான் ஏற்ற வந்த பையன். நல்ல பையன்தான். ஆனால் டிரைவரும் இரண்டு ஆட்களும் உட்கார்ந்த கேபினில், முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரு கிழட்டு நாய் பதினான்கு மணி நேரம் என்ன செய்யும்? பின்னால் பீரோவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் கூண்டை வைப்பது அதைவிட மோசம். வெயிலில் நிற்கும் மூடிய பாடி அடுப்புதான், பிரேக் போட்டால் சரக்கும் சரியும். வேண்டாம்.

ரயில்

பாலக்காட்டிலிருந்து காட்பாடி, சித்தூர், திருப்பதி வழியாகச் செகந்திராபாத் பக்கம் போகும் சபரி எக்ஸ்பிரஸ் எங்கள் இரண்டு சித்தூருக்கும் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. எட்டொன்பது மணி நேரம். அதனால் என் மனது முதலில் ரயிலில்தான் போய் நின்றது.

ரயிலில் நாய்க்கு இரண்டு இடம்தான். ஒன்று, முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் படுக்கும் கூபே அல்லது நான்கு பேர் கேபினை முழுதாக நாமே எடுத்துக்கொண்டு அதில் கூட்டிப் போவது. இரண்டு, கார்டு பெட்டியோடு சேர்ந்த பிரேக் வேனில் இருக்கும் நாய்ப்பெட்டி. இரண்டாம் வகுப்பு ஏசி, மூன்றாம் வகுப்பு ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் அனுமதி கிடையாது. யாருக்கும் தெரியாமல் ஏற்றி மாட்டிக்கொண்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு கட்ட வேண்டும், நாயையும் பிரேக் வேனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கூபே கிடைத்தால் அதைவிடச் சொகுசு இல்லை. ஏசி, கதவைச் சாத்திக்கொள்ளலாம், நாய் நம் காலடியிலேயே படுத்திருக்கும். ஆனால் டிக்கெட் எடுப்பதாலேயே கூபே உங்களுக்கு வந்துவிடாது. இரண்டு டிக்கெட் எடுத்து, நாய் வருகிறது, கூபே வேண்டும் என்று கோட்டத்து வணிகப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்தப் படுக்கை யாருக்கு என்பது சார்ட் போடும்போதுதான் முடிவாகும். சார்ட் போடுவது பயணத்தை ஒட்டித்தான். வீட்டைக் காலி செய்து, சாமான் லாரியில் போன பிறகு, கூபே இல்லை என்று தெரிந்தால் நாயோடு எங்கே போய் நிற்பது? அப்புறம் இன்னொன்று: நீண்ட தூர வண்டி என்பதாலேயே முதல் வகுப்பு ஏசி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல வண்டிகளில் அந்தப் பெட்டியே கிடையாது. நாங்கள் போக வேண்டிய நாளில் எங்களுக்குத் தோதான வண்டியிலும் இல்லை.

மிச்சம் நாய்ப்பெட்டி. பார்சல் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் பாதி மலையாளம் பாதி தமிழில் பொறுமையாகவே சொன்னார். “சேச்சி, சித்தூர்ல வண்டி நிக்கறது கொஞ்ச நேரந்தான். பிரேக் வேன் திறந்து, நாயை இறக்கி, கையெழுத்துப் போடறதுக்குள்ள வண்டி போயிடும். காட்பாடிக்குப் புக் பண்ணுங்க, அங்கேர்ந்து கார்ல போங்க.” நியாயமான பேச்சு. போகும்போது அந்தப் பெட்டியை ஒரு வண்டியில் பார்த்துவிட்டும் வந்தேன். இரும்புத் தகடு, இரும்புக் கதவு, குனிந்தால்தான் உள்ளே தெரியும். மணிக்குத் தண்ணீர் வைக்க வேண்டுமானால் நான் என் பெட்டியிலிருந்து இறங்கிப் பிளாட்பாரத்தின் கடைசிவரை ஓடி, கார்டைக் கெஞ்சி, திரும்ப ஓடி வந்து ஏற வேண்டும். ஈரோட்டிலோ சேலத்திலோ ஒரு முறை ஓடலாம். இளம் நாய், டிசம்பர் மாதம், நான்கைந்து மணி நேரம் என்றால் நான் இதை வேண்டாமென்று சொல்லமாட்டேன். கட்டணமும் மிகக் குறைவு. மே மாதத்தில் பதினோரு வயது நாயை அதற்குள் விட மனம் வரவில்லை.

“ஏங்கண்ணு, வாயில்லாச் சீவனைப் பொட்டியில போட்டுப் பூட்டுனா, நாம வித்துப்போட்டோம்னுதான அது நெனைக்கும்?” என்றார் அமுச்சி. என் அம்மாவின் அம்மா. ரயில் விஷயம் அத்தோடு முடிந்தது.

ஆள் வைத்து அனுப்புவது

செல்லப்பிராணிகளைக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்கென்றே கம்பெனிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஒன்றின் இணையப் படிவத்தில் ஏறும் இடம் சித்தூர், இறங்கும் இடம் சித்தூர் என்று போட்டேன். தூரம் 0 கி.மீ. என்று காட்டியது. போனில் பேசியபோது இரண்டு விலை சொன்னார்கள். எங்கள் நாய்க்கு மட்டும் தனி வண்டி என்றால் 19,000 ரூபாய். வேறு விலங்குகளோடு சேர்த்து என்றால் 8,500.

அந்த இரண்டாவது விலையைக் கேட்டதும் என் நாத்தனார் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிபோனபோது, ஒரு கம்பெனியில் இப்படிச் சேர்த்து அனுப்பும் வண்டியில்தான் பூனையை அனுப்பினார். மறுநாள் மதியம் வந்துவிடும் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் வந்தது. பெங்களூரில் வேறு வண்டிக்கு மாற்றியிருக்கிறார்கள், அந்த வண்டி இன்னொரு நாய்க்காக அரை நாள் காத்திருந்திருக்கிறது. போன் செய்தபோதெல்லாம் “ஆன் தி வே மேடம்” என்பதுதான் பதில். பூனைக்கு உயிர்ச்சேதம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாதம் யார் மடியிலும் உட்காரவில்லை.

எல்லாரும் அப்படி என்று சொல்ல வரவில்லை. வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், கார் இல்லாதவர்கள், இப்படிப்பட்டவர்களுக்கு இதுதான் வழி. ஆனால் பணம் கட்டும் முன்னால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். ஒரே வண்டியா, வழியில் மாற்றுவீர்களா? ஓட்டுகிறவர் ஒருவரா இருவரா? கூட எத்தனை விலங்கு? கூண்டு நம்முடையதா அவர்களுடையதா? வண்டி ஓடும் இடத்தை அவ்வப்போது போனில் அனுப்புவார்களா? முக்கியமாக இதைக் கேளுங்கள்: சாலை வழியாகத்தானா, இல்லை கடைசியில் நீங்களும் ரயில் பார்சலில்தான் போடுவீர்களா? சில கம்பெனிகள் அதைத்தான் செய்கின்றன. அதற்கு நாமே பார்சல் அலுவலகம் போய்விடலாம். வெள்ளை நம்பர் பலகை போட்ட சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார்களா என்றும் பாருங்கள். மாநில எல்லையில் பிடித்தால் வண்டி அங்கேயே நிற்கும், உள்ளே நாயும் நிற்கும்.

தனி வண்டிக்கு 19,000 கேட்டது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். போக வர ஆயிரம் கிலோமீட்டர், இரண்டு பேர் கூலி, கூண்டு. ஆனால் அந்தப் பணத்துக்கும் மணியோடு இருக்கப்போவது அன்றுவரை அது பார்த்திராத இரண்டு பேர்.

விமானம் எங்களுக்குப் பொருந்தவில்லை. கோயம்புத்தூரில் ஏறிச் சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கினால், அங்கிருந்து சித்தூருக்கு மறுபடியும் நூற்றைம்பது, நூற்றெண்பது கிலோமீட்டர் காரில் போக வேண்டும். டெல்லி, கொல்கத்தா என்று போகிறவர்கள் இதைப் பார்க்கலாம். இண்டிகோ சேவை நாய்களைத் தவிர வேறெதையும் ஏற்றுவதில்லை. ஏர் இந்தியா ஏற்றுகிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் நாய், பூனைகளை ஏற்றத் தொடங்கியது. கூண்டோடு சேர்த்து 7 கிலோவரை நம்மோடு கேபினில் என்று ஆரம்பித்து, பிறகு 10 கிலோவாக்கியது. பூனைக்கு இது தாராளம். மணி மாதிரி நாய் கீழே சரக்கு அறையில்தான் போக வேண்டும். அந்த அறையில் காற்றழுத்தம் சரியாகவே இருக்கும். பயம் எல்லாம் ஏற்றுவதற்கு முன்னால் ஓடுதளத்து வெயிலில் கூண்டு காத்திருக்கும் நேரத்தைப் பற்றித்தான். பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் சரக்கு அறையை நினைக்கவே வேண்டாம். சாதாரண நாளிலேயே அவற்றுக்கு மூச்சு வாங்கும், பல விமானங்கள் ஏற்கவும் செய்யாது.

கார், கூட ஒரு ஆக்டிங் டிரைவர்

கடைசியில் எங்கள் பழைய டீசல் காருக்கே வந்து சேர்ந்தோம். காரில் போவதற்கு எதிராக எனக்கு இருந்த ஒரே காரணம், வெயிலுக்குப் பயந்து இரவில் போக வேண்டும், இரவெல்லாம் ஓட்ட எங்களில் ஆள் இல்லை என்பது. வீட்டுக்காரர் முன்னதாகவே போய்விடுகிறார். எனக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி வரைதான் தைரியம். மகனுக்கு லைசென்ஸ் வந்து நான்கு மாதம்.

ஆக்டிங் டிரைவர் என்ற யோசனையைச் சொன்னது பக்கத்து வீட்டு அண்ணன். வண்டி நம்முடையது, ஓட்டுவதற்கு மட்டும் ஆள். கோயம்புத்தூர்ப் பக்கம் இது சாதாரணம். நாய் வரும் என்று முதலிலேயே சொல்லி, பயப்படாத ஆளாகப் பார்த்தோம். ஒருவர் பகலில் வீட்டுக்கே வந்து மணியிடம் பிஸ்கட் கொடுத்துப் பழகிவிட்டுப் போனார். சம்பளம் 2,000, திரும்பிப் போகப் பஸ் காசு, டீசல், டோல் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. சேர்த்து அனுப்பும் கம்பெனி வண்டியைவிடக் குறைவு.

கார் இல்லாதவர்களுக்கு ஒரு வழி டிராப் டாக்சி இருக்கிறது. எங்களுக்கு 9,500 சொன்னார்கள். முன்பதிவு செய்யும்போதே நாய் வரும் என்று சொல்லுங்கள். இறங்கும்போது சீட்டில் முடி என்று சண்டை வருவதைவிட, இருநூறு ரூபாய் கழுவும் காசு என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. பழைய பெட்ஷீட் இரண்டு நாமே கொண்டு போய் விரித்துவிட வேண்டும்.

மயக்க மருந்து ஏதாவது கொடுத்துவிடலாமா என்று மிருக ஆஸ்பத்திரியில் கேட்டேன். டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நாய்க்கு நம்மைப் போல வியர்த்து உடம்பு தணியாது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியே விடும். மயக்கத்தில் கிடந்தால் அதையும் சரியாகச் செய்யாது, வண்டி ஆட்டத்தில் நிலைகொள்ளவும் தெரியாது. வாந்தி வராமல் இருக்க ஒரு மாத்திரை மட்டும் எழுதினார். மாலை நான்கு மணிக்குப் பாதி வயிறு சோறு, பிறகு தண்ணீர் மட்டும் என்றார். உடல்நலச் சான்றை மலையாளத்தில் எழுதப் போனவரை நிறுத்தி ஆங்கிலத்தில் வாங்கினேன். காட்பாடி தாண்டினால் மலையாளத்தை யார் படிப்பார்கள்? இரண்டு சித்தூரையும் எழுதிவிட்டு அவரே சிரித்தார். மாவட்டம், மாநிலம் எல்லாம் சேர்த்து எழுதச் சொன்னேன். ஓராண்டுக்குள் போட்ட ரேபிஸ் ஊசிப் புத்தகம், பஞ்சாயத்தில் எடுத்த நாய் லைசென்ஸ், சான்றின் இரண்டு நகல், எல்லாம் ஒரே கவரில். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கால்நடைத் துறைச் சோதனைச் சாவடிகள் உண்டு. அவர்கள் கவனமெல்லாம் மாடு, ஆடு, கோழி மேல்தான். எங்களை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அந்தக் கவர் வேண்டும்.

இரவு எட்டரைக்குக் கிளம்பினோம். வேலந்தாவளம் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, அவிநாசி, சேலம், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர், கொஞ்சம் நடை. இதில் ஒரு பாடம் படித்தேன். சங்ககிரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியதும் மகன் யோசிக்காமல் பின்கதவைத் திறந்தான். மணி ஒரே தாவில் வெளியே. லாரிகள் சீறிக்கொண்டு போகும் சாலை. கயிற்றின் நுனி என் மணிக்கட்டில் சுற்றியிருந்ததால் தப்பித்தது, மணிக்கட்டு மட்டும் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. கயிறு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் வீட்டு விலாசம் எழுதிப் புண்ணியமில்லை, அந்த வீட்டைத்தான் காலி செய்துவிட்டோமே. போன் நம்பர் எழுதுங்கள். கிறிஸ்டியான்பேட்டை எல்லையைத் தாண்டி ஆறேகாலுக்குச் சித்தூர். எட்டு மணிக்கெல்லாம் தரை சுட ஆரம்பித்துவிட்டது. பகலில் வந்திருந்தால் வழியில் நிறுத்தி மணியை நடக்க வைத்திருக்கவே முடியாது, வண்டிக்குள் விட்டுவிட்டு நாங்கள் சாப்பிடப் போகவும் முடியாது. மூடிய கார் வெயிலில் பத்து நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பிரயோஜனம் இல்லை.

பூனைக்கு வேறு கணக்கு

சுந்தரியை அன்று கூட்டிப் போகவில்லை. நாய் ஆளோடு பழகும், பூனை வீட்டோடு பழகும் என்பார் அமுச்சி. புது வீட்டு ஜன்னல்களுக்கு வலை இல்லை. சாமான் இறக்குகிற நாளில் எல்லாக் கதவும் திறந்து கிடக்கும். அந்த அமளியில் பூனை வெளியே போனால் முன்பின் தெரியாத தெருவில் எங்கே தேடுவது? ஐந்து வாரம் அமுச்சி வீட்டிலேயே இருந்தது. அங்கே அதற்குப் போக்குவரத்துக் கூடை ஒன்றைத் திறந்தே வைத்திருந்தோம், உள்ளே என் பழைய சேலை. முதல் வாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் அதற்குள்தான் தூக்கம். புறப்படும் நாளில் பிடித்து அடைக்கும் போராட்டமே இல்லாமல் போனது.

ஜூன் பாதியில், மழை பிடித்துக் காற்று குளிர்ந்த பிறகு, அமுச்சியே டாக்சியில் கூட்டி வந்தார். எழுபத்து நான்கு வயது. கூடையை சீட் பெல்ட் போட்டுக் கட்டி, மேலே துணி போர்த்தி, “திறந்து மட்டும் விட்டுறாதீங்க அமுச்சி” என்று மகன் பத்து தடவை சொல்லி அனுப்பியிருந்தான். வண்டிக்குள் அவிழ்த்துவிட்ட பூனை பிரேக் மிதிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அமுச்சி திறக்கவில்லை. ஆனால் சேலம்வரை அதனோடு பேசிக்கொண்டே வந்ததாக டிரைவர் சொன்னார்.

இங்கே வந்ததும் ஒரு அறையில் அடைத்து, பழைய வீட்டில் அது மண் தோண்டிய இடத்து மணலை ஒரு தட்டில் வைத்தோம். இரண்டு வாரமாவது அந்த அறையைத் தாண்ட விடக்கூடாது என்பது திட்டம். மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது, இரவில் மட்டும் சோறு குறையும். நான்காம் நாள் அமுச்சி ஊருக்குக் கிளம்புவதற்காகப் பையை எடுத்துத் திறந்து வைத்தார். உள்ளே மடித்து வைத்த சேலையை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள், சுந்தரி அந்தப் பைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.